நுரையீரல் தமனி அழுத்தமும் மாஸ்ட் செல்களும்: வாசகர் கேள்வி – பதில்

விலங்குகளில் நுரையீரல் தமனி அழுத்தம் ஏன் உயர்கிறது, அதில் மாஸ்ட் செல்களுக்கு (ஒவ்வாமையின்போது துகள்களைக் கக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) என்ன பங்கு என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஆய்வுக்கூடத்திலிருந்தும் பண்ணையிலிருந்தும் நாய் வளர்ப்பவர்களிடமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன.

மாஸ்ட் செல் என்றால் தும்மல், அரிப்பு, பூச்சிக்கடி என்றுதான் பாடத்தில் படித்தோம். நுரையீரல் தமனிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– கால்நடை மருத்துவ மாணவி, சென்னை

அந்தச் செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எலியின் நுரையீரலை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால், மாஸ்ட் செல்களில் கணிசமானவை சிறு தமனிகளின் வெளியுறையை ஒட்டியே நிற்கும். சுவரின் தசைச் செல்லுக்கும் அதற்கும் சில மைக்ரான்தான் இடைவெளி. அது எதைக் கக்கினாலும் தமனியின் மேல்தான் விழும்.

1878-ல் பால் எர்லிக் தன் முனைவர் ஆய்வில் இந்தச் செல்லை விவரித்தபோது அவர் கண்ணில் பட்டவை சாயத்தை வேறு நிறமாக மாற்றிக் காட்டும் அதன் துகள்கள்தான். அந்தத் துகள்களில் ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ், கைமேஸ் என்ற நொதிகள் எல்லாம் இருக்கின்றன. எலி, சுண்டெலியில் செரட்டோனினும் நிறைய உண்டு.

பாடத்தில் ஹிஸ்டமினுக்கு முக்கியத்துவம் அதிகம். தமனி விஷயத்தில் அதையே பிடித்துக்கொண்டால் வழி தவறிவிடும். ஹிஸ்டமின் எச்1 ஏற்பி வழியாகத் தமனியைச் சுருக்கும், எச்2 வழியாக விரிக்கும். ஆக்சிஜன் குறைந்த சில நிமிடங்களிலேயே நுரையீரல் தமனி சுருங்குகிறதே, அதை மாஸ்ட் செல்தான் செய்கிறது என்ற கருத்து 1970-களில் வலுவாக இருந்தது. தமனியின் தசைச் செல்லே ஆக்சிஜன் குறைவை உணர்ந்து சுருங்கும் என்பது பிறகு தெளிவானது. எனவே அந்த உடனடிச் சுருக்கத்துக்கு மாஸ்ட் செல் தேவையில்லை.

மாஸ்ட் செல்லின் வேலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும் சுவர் மாற்றத்தில் இருக்கிறது. டிரிப்டேஸ், தசைச் செல்லின் பார்-2 என்ற ஏற்பியைத் தூண்டிச் செல்கள் பெருக வழி செய்கிறது. கைமேஸ், ஆஞ்சியோடென்சின்-1ஐ ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு நாம் கொடுக்கும் ஏசிஇ தடுப்பு மருந்து இந்த வழியைத் தொடாது. கொலாஜன் வலையில் கட்டுண்டு கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியையும் கைமேஸ் அவிழ்த்து விடுகிறது. மாஸ்ட் செல்லிலிருந்து வரும் எம்எம்பி-13 என்ற நொதி கொலாஜனை நறுக்க, அந்தத் துண்டுகளே தசைச் செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞையாகின்றன. செக் நாட்டின் பிராகா நகர ஆய்வாளர்கள் ஆக்சிஜன் குறைந்த அறையில் வைத்த எலிகளில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

பெரும்பாலான பாலூட்டிகளில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 15 மி.மீ. பாதரசம்தான். இவ்வளவு தாழ்ந்த அழுத்தத்துக்குப் பழகிய வலது கீழறை மெல்லியது. தமனிச் சுவர் தடித்து உள்வழி குறுகினால் முதலில் அடிபடுவது அந்த வலது கீழறைதான்.

மோனோகுரோட்டலின் (எலிக்கு இந்த நோயை வரவழைக்கும் தாவர நஞ்சு) கொடுத்த எலிகளில் மாஸ்ட் செல் அதிகமாக இருக்கும் என்று படித்தோம். எங்கள் ஸ்லைடுகளில் கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் குறைவாகத் தெரிகிறது. எங்கே பிழை?
– ஆய்வு மாணவர், மதுரை

இந்தக் குழப்பம் பல ஆய்வுக்கூடங்களில் வருவதுதான். செல் குறையாமலேயே சாயம் மட்டும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டொலுயிடின் ப்ளூ பிடித்துக்கொள்வது செல்லை அல்ல, துகளுக்குள் இருக்கும் ஹெப்பாரினை. துகளைக் கக்கி முடித்த செல் அந்தச் சாயத்தில் கண்ணுக்கே தெரியாது. அதாவது நோய் முற்றிய எலியில், எந்தச் செல்கள் வேலை செய்தனவோ அவைதான் எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப் போகின்றன. ஆகவே டொலுயிடின் ப்ளூவோடு நிறுத்தாமல், அடுத்த வெட்டில் டிரிப்டேஸ் அல்லது சி-கிட் (மாஸ்ட் செல்லின் மேற்பரப்பு ஏற்பி) எதிர்ப்பொருள் சாயமும் போடுங்கள். கக்கிய செல், கக்காத செல் என்று இரண்டு பத்தியாக எண்ணிக் கொடுங்கள். ஒரே எண்ணாகக் கொடுத்தால் அதற்குப் பொருள் சொல்ல முடியாது.

அடுத்து ஃபார்மலினைப் பாருங்கள். சளிச்சவ்வு வகை மாஸ்ட் செல்லின் துகள், ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறினால் சாயத்தை ஏற்காமல் போகும். இணைப்புத் திசு வகை அந்த அளவுக்குப் பாதிக்கப்படாது. நுரையீரலின் ஒரு மடலை மட்டும் கார்னாய் கரைசலில் போடுங்கள்: எத்தனால் 60 பங்கு, குளோரோஃபார்ம் 30, உறைநிலை அசிட்டிக் அமிலம் 10. மற்ற மடல்களுக்கு ஃபார்மலின் போதும், 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

சாயமேற்றும் முறையிலும் இரண்டு இடத்தில் தவறும். முதலாவது அமிலத்தன்மை. 0.1 சதவீத டொலுயிடின் ப்ளூவின் பிஎச் 2.0 முதல் 2.5-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பின்னணி முழுக்க நீலம் ஏறி, செந்நீல நிறத்தில் தனித்துத் தெரிய வேண்டிய செல் அதில் கரைந்துவிடும். 4–5 மைக்ரான் வெட்டுக்கு 2–3 நிமிடம் சரி. கரைசலை அன்றன்று கலப்பது நல்லது. இரண்டாவது ஆல்கஹால். சாயமேற்றிய பிறகு நீரை எடுக்க ஆல்கஹாலில் வைக்கும்போது அந்தச் செந்நீலம்தான் முதலில் கழன்று ஓடும். 95 சதவீதத்தில் சில முக்கு, முழு ஆல்கஹாலில் சில முக்கு, உடனே சைலீன். ஸ்லைடு கூடையை ஆல்கஹாலில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு தொகுப்பிலும் எலியின் நாக்கு அல்லது தோல் வெட்டு ஒன்றைச் சேர்த்துச் சாயமேற்றுங்கள். அதில் மாஸ்ட் செல் பளிச்சென்று தெரியாவிட்டால் அந்தத் தொகுப்பையே ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எண்கள் தாறுமாறாக வந்தால், நுரையீரலை எப்படி நிலைப்படுத்தினீர்கள் என்று கேட்க வேண்டும். சுருங்கிய நுரையீரலில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் அதிகத் திசு வந்துவிடும், எண்ணிக்கை பொய்யாகக் கூடும். மூச்சுக்குழல் வழியாக 20–25 செ.மீ. நீர் அழுத்தத்தில் நிரப்பி, எல்லா எலிக்கும் ஒரே உயரத்தில் புட்டியை வையுங்கள். தமனிகளை 50 மைக்ரானுக்குக் கீழ், 50–100, அதற்கு மேல் என்று பிரித்து, ஒவ்வொரு தமனியைச் சுற்றியும் எத்தனை செல் என்று எண்ணுங்கள். பெரிய மூச்சுக்குழல் ஓரச் செல்களை இதில் சேர்த்தால் கணக்கு கலங்கிவிடும். எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியவே கூடாது.

இன்னொன்று, எலிகளுக்கு நோய் வந்ததா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஒற்றை ஊசியாகத் தோலுக்கடியில் 60 மி.கி./கி.கி. என்பது வழக்கமான அளவு. மோனோகுரோட்டலின் தண்ணீரில் எளிதில் கரையாது. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்து, உப்புநீரால் அளவு கட்ட வேண்டும். நடுநிலையாக்கும்போது அவசரப்பட்டுக் காரத்தைக் கொட்டினால் மருந்து வீழ்படிவாகி, ஒரு எலிக்கு ஒரு அளவும் இன்னொன்றுக்கு வேறு அளவும் போய்ச் சேரும். 21–28 நாளில் வலது கீழறை எடையை, இடது கீழறை மற்றும் நடுச்சுவர் எடையால் வகுத்துப் பாருங்கள். நல்ல எலியில் 0.25-ஐ ஒட்டி இருக்கும். 0.5-ஐ நெருங்கினால் நோய் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்த எண் உயராத எலியின் மாஸ்ட் செல்லை எண்ணி எதையும் சொல்ல முடியாது.

மோனோகுரோட்டலின் போட்ட எலிகளுக்கு 21-ம் நாளிலிருந்து குரோமோகிளைகேட் (மாஸ்ட் செல் துகளைக் கக்காமல் தடுக்கும் மருந்து) கொடுத்தோம். தமனி அழுத்தம் இறங்கவில்லை. மருந்து தரமற்றதா? அடுத்து சுண்டெலியில் முயலலாமா?
– மருந்தியல் துறை ஆசிரியர், கோயம்புத்தூர்

மருந்தின் மேல் பழி போட வேண்டாம். தொடங்கிய நாள்தான் காரணம். எலிகளில் நடந்த ஆய்வுகளின் போக்கு ஒரே திசையில்தான் இருக்கிறது: முதல் நாளிலிருந்து கொடுத்தால் அழுத்தமும் சுவர்த் தடிப்பும் ஓரளவு குறைகின்றன, நோய் நிலைத்தபின் கொடுத்தால் பலன் சொற்பம். தசைச் செல்கள் பெருகிச் சுவர் தடித்தபின், தூண்டிவிட்டவனைக் கட்டிப்போட்டு என்ன பயன்? ஆக்சிஜன் குறைந்த அறையில் வைக்கும் எலிகளிலும் முதல் சில நாள்களில் கொடுத்த மருந்துதான் வேலை செய்தது.

அதே பிராகா குழுவின் இன்னொரு முடிவு எங்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. எலிகளைச் சாதாரணக் காற்றுக்குத் திருப்பி அனுப்பி, அவை தேறிவரும் காலத்தில் குரோமோகிளைகேட் கொடுத்தபோது தேறுவது தாமதமானது. கூடுதலாகப் படிந்த கொலாஜனைப் பிரித்து அகற்றும் வேலையிலும் மாஸ்ட் செல்லின் நொதிகளுக்குப் பங்கு இருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டும். அதனால் மாஸ்ட் செல்லை வில்லனாக மட்டும் எழுதுவது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

சுண்டெலிக்கு மாறாதீர்கள். இரண்டு காரணம். மோனோகுரோட்டலின் தானாக நஞ்சல்ல, கல்லீரல் அதை மாற்றிய பிறகே நுரையீரல் தமனியின் உட்சுவரைத் தாக்கும். சுண்டெலிக் கல்லீரல் அந்த மாற்றத்தைப் போதுமான அளவு செய்வதில்லை. மேலும் குரோமோகிளைகேட் எலியின் மாஸ்ட் செல்லைக் கட்டுப்படுத்தும் அளவுக்குச் சுண்டெலியின் மாஸ்ட் செல்லைக் கட்டுப்படுத்தாது. அங்கே பலன் இல்லை என்று வந்தால் அது மாஸ்ட் செல் பற்றிய முடிவே ஆகாது.

எலியிலேயே திரும்பச் செய்யுங்கள். குரோமோகிளைகேட்டை வாய்வழி கொடுத்தால் குடல் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் உறிஞ்சும், எனவே வயிற்றறை ஊசிதான் வழி. அருகில் ஒரு கீட்டோடிஃபென் குழுவும் வைக்கலாம். அது வாய்வழியே ஏறும், ஆனால் எச்1 ஏற்பியையும் தடுக்கும். ஆகவே துகள் கக்குவதைத் தடுத்ததால் வந்த பலன் எது, ஹிஸ்டமினைத் தடுத்ததால் வந்த பலன் எது என்று பிரிக்க, வெறும் எச்1 தடுப்பு மருந்து கொடுத்த குழு ஒன்றும் வேண்டும். கூடுதல் எலிகளுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கைமேஸ் தடுப்பான் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. எலியின் முதன்மைக் கைமேஸ் ஆஞ்சியோடென்சினை உருவாக்குவதைவிடச் சிதைப்பதில்தான் கெட்டி. மனிதர், நாய், ஹாம்ஸ்டர் ஆகியவற்றின் கைமேஸ்தான் ஆஞ்சியோடென்சின்-2 உண்டாக்குகிறது. கைமேஸைத் தொடும் ஆய்வுகளில் சிலர் ஹாம்ஸ்டரைத் தேடிப் போவது இதனால்தான்.

மாஸ்ட் செல்லே இல்லாத விலங்குக்கு இந்த நோய் வராதா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

வரும், ஆனால் குறைவாக. சி-கிட் மரபணு பழுதான டபிள்யூஎஸ் எலிக்கு மாஸ்ட் செல் கிடையாது. பெருந்தமனியைச் சுருக்கிக் கட்டி இடது இதயத்துக்குச் சுமை கொடுக்கும் மாதிரியில், அந்த எலியின் நுரையீரல் தமனிகள் சாதாரண எலியுடையதைப் போல அவ்வளவு தடிக்கவில்லை. இந்தச் சான்று கனமானது, ஆனாலும் முழுமையானது அல்ல. சி-கிட் மாஸ்ட் செல்லுக்கு மட்டும் உரியதல்ல. ரத்த மூலச் செல்லுக்கும் அதுதான் ஆதாரம். இந்த எலிகளுக்கு ரத்தசோகையும் உண்டு. ரத்தம் நீர்த்தால் பிசுபிசுப்பு குறைந்து அழுத்தமும் சற்றுக் குறையும். மாஸ்ட் செல்லை மட்டும் நீக்கும் புதிய வகைச் சுண்டெலிகள் இப்போது இருப்பதால், சி-கிட் பழுதான விலங்கை மட்டும் நம்பி எழுதிய கட்டுரையைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

மோனோகுரோட்டலின் கிலுகிலுப்பைச் செடியிலிருந்து வருகிறதாமே. எங்கள் ஆடுகள் அதை மேய்கின்றன.
– விவசாயி, சிவகங்கை

கிலுகிலுப்பை இனத்தில் பல செடிகள் உண்டு, நஞ்சின் அளவு செடிக்குச் செடி மாறும். எல்லாவற்றிலும் விதையில்தான் அதிகம். வெள்ளாடும் செம்மறியும் மாடு, குதிரையைவிடத் தாங்கும், அவற்றின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் நஞ்சில் ஒரு பங்கைச் சிதைத்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம். தழையை ஓரிரு வாய் கடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். காய் முற்றிக் கிலுகிலுக்கும் பருவத்தில் அந்தப் புறம் விடாதீர்கள். தீவனத் தானியத்தில் அந்த விதை கலந்திருந்தால் கோழிக்கும் பன்றிக்கும் கெடுதல், சலித்துப் போடுங்கள். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் இதே இனம்தான் என்றாலும் அதில் நஞ்சு குறைவு.

பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் 4-வது வாரத்துக்குப் பிறகு வயிற்றில் நீர் கோத்துச் சில குஞ்சுகள் சாகின்றன. இது நுரையீரல் அழுத்தம் என்கிறார் மருத்துவர். ஒவ்வாமை மாத்திரை கலந்து கொடுக்கலாமா?
– பண்ணையாளர், பல்லடம்

மருத்துவர் சொன்னது சரி. மாத்திரை வேண்டாம். பறவையின் நுரையீரலிலும் மாஸ்ட் செல் உண்டு, ஆனால் பிராய்லரில் தமனியைச் சுருக்கும் செரட்டோனினுக்கு ரத்தத்தின் திராம்போசைட்டுகளும் (ரத்தத்தை உறைய வைக்கும் செல்கள்) பெரிய களஞ்சியம். ஹிஸ்டமினைத் தடுப்பதால் இந்தச் சாவு நிற்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

வேர்க்காரணம் வளர்ச்சி வேகம். உடல் எடை ஏறும் வேகத்துக்கு நுரையீரலின் ரத்தக்குழாய்க் கொள்ளளவு ஈடுகொடுக்காது. பறவை நுரையீரல் விலா எலும்புகளுக்கிடையே இறுகப் பதிந்திருப்பதால், கூடுதல் ரத்தம் வந்தால் நம்முடையதைப் போல விரிந்து இடம் கொடுக்காது. குளிர் வந்ததும் உடல் சூட்டைக் காக்க ஆக்சிஜன் தேவை ஏறி, இதயம் இன்னும் அதிக ரத்தத்தை அதே குறுகிய குழாய்களுக்குள் தள்ளுகிறது. கோழியின் வலது இதய வால்வோ ஒரு தசை மடல். வலது கீழறை தடிக்கும்போது அந்த மடலும் தடித்து விறைத்து, மூடாமல் கசிய ஆரம்பிக்கும். ரத்தம் பின்னோக்கித் தேங்கிக் கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும்.

செத்த குஞ்சு ஐந்தாறை அறுத்துப் பாருங்கள். மேலறைகளையும் கொழுப்பையும் நீக்கி, வலது கீழறைச் சுவரைக் கத்தரித்துத் தனியே நிறுத்துங்கள். பிறகு மீதியை நிறுத்துங்கள். வலதை மொத்தத்தால் வகுத்தால் 0.25-க்குக் கீழே வர வேண்டும். 0.30-ஐத் தொட்டால் நுரையீரல் அழுத்தம்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசு வேண்டும், சமையல் தராசு உதவாது. மேலே எலிக்குச் சொன்ன வகுத்தலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வலதை இடதால் வகுக்கிறோம், இங்கே மொத்தத்தால்.

செய்ய வேண்டியது முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. முதல் நாளில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32–33 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வாரத்துக்கு 3 டிகிரி அளவில் இறக்குங்கள். வெப்பமானியைக் கண் மட்டத்தில் மாட்டினால் தரையில் குஞ்சு நடுங்குவது தெரியாது. குளிருக்குப் பயந்து இரவு முழுக்கப் படுதாவை இறுக்கி மூடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. அம்மோனியா தேங்கி மூச்சுப்பாதையைப் புண்ணாக்கும், ஆக்சிஜனும் குறையும். படுதாவின் மேல்புறம் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அம்மோனியா ஏற்கெனவே அளவு கடந்துவிட்டது. ஈரமான தரைவிரிப்பை அன்றே மாற்றுங்கள்.

தொல்லை தொடர்ந்து வரும் கொட்டகையில் 2-வது, 3-வது வாரத்தில் குருணைத் தீவனத்துக்குப் பதில் மாவுத் தீவனம் கொடுத்தோ, இருட்டு நேரத்தைக் கூட்டியோ வளர்ச்சியைச் சற்று மட்டுப்படுத்துங்கள். பிறகு அது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமாக இருந்தால், அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தீவனத்தில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சோடியம் கூடினால் ரத்தக் கொள்ளளவு கூடும், அது நேரே இந்த நோயில் கொண்டுபோய் விடும்.

மலைக்கு ஏற்றிய மாடுகளுக்கு இந்த நோய் வருமா?
– பால் பண்ணையாளர், உதகமண்டலம்

வரும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் மாடுகளின் மார்புச் சதை நீர் கோத்துத் தொங்குவதை 1915-லேயே குளோவரும் நியூசமும் எழுதினார்கள். மாட்டின் நுரையீரல் சிறு தமனிகளில் இயல்பிலேயே தசை அதிகம். ஆக்சிஜன் குறைந்தால் இறுக்கமாகச் சுருங்கும். ஒரே உயரத்தில் நாயும் செம்மறியும் சமாளிக்கும்போது கன்று விழுந்துவிடுவது இதனால்தான். யாக்கின் தமனி மெல்லியது, அதற்கு வருவதில்லை. கொலராடோவில் இனப்பெருக்கத்துக்கு வைக்கும் காளை, கிடேரிகளின் கழுத்துச் சிரை வழியாக நுண்குழாய் விட்டு அழுத்தம் அளந்து, 41 மி.மீ.-க்குக் கீழே உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 49-ஐத் தாண்டியதை மலைக்கு வைப்பதில்லை. ஒரு வயதுக்கு முன் அளந்தால் நம்ப முடியாது. உதகையின் உயரம் 2,240 மீட்டர். சமவெளியிலிருந்து கொண்டுவரும் மாட்டுக்கு முதல் சில வாரங்களில் மார்புச் சதை தொங்குகிறதா, கழுத்துச் சிரை புடைத்துத் துடிக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஓட விடாமல் மெதுவாக வண்டியேற்றிக் கீழே இறக்குவதுதான் முதல் சிகிச்சை.

எங்கள் நாய்க்குத் தோலில் மாஸ்ட் செல் கட்டி. நுரையீரல் அழுத்தமும் வருமா?
– வாசகி, திருச்சி

அந்தக் கட்டி இந்த நோயைக் கொண்டுவராது. அதன் ஹிஸ்டமினால் இரைப்பைப் புண் வரலாம். கறுத்த மலம், வாந்தி என்றால் தாமதிக்காதீர்கள். கட்டியை அழுத்தவோ பிசையவோ வேண்டாம்.

10 வயது பொமரேனியனுக்கு நுரையீரல் அழுத்தம் என்று சில்டெனஃபில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஆண்களுக்கான மருந்தல்லவா? மாஸ்ட் செல் மருந்து நாய்க்கு இல்லையா?
– வாசகர், சேலம்

நாய்க்கு இந்த நோயில் மாஸ்ட் செல்லைக் குறிவைக்கும் மருந்து எதுவும் நடைமுறையில் இல்லை. சில்டெனஃபில் நுரையீரல் தமனியைத் தளர்த்துவதால்தான் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 1–3 மி.கி., 8 அல்லது 12 மணிக்கு ஒரு முறை. 3 கிலோ நாய்க்கு மனிதர் மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுத்தால் அளவு தவறும். திரவமாகக் கலந்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலிக்கு வைத்திருக்கும் நைட்ரேட் மாத்திரை இதோடு சேரவே கூடாது, ரத்த அழுத்தம் திடீரென்று விழும்.

இந்த வயதுச் சிறு நாய்களில் பெரும்பாலும் இடது வால்வுக் கோளாறுதான் அடிப்படையாக இருக்கும். ஸ்கேன் அறிக்கையில் மூவிதழ் வால்வுக் (வலது இதயத்தின் இரு அறைகளுக்கு இடையிலான வால்வு) கசிவின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். நொடிக்கு 3.4 மீட்டரைத் தாண்டினால் அழுத்தம் உயர்ந்திருக்க வாய்ப்பு கணிசம். வேகத்தை வர்க்கமாக்கி 4-ஆல் பெருக்கினால் வலது இதயத்தின் இரு அறைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கும், 3.4-க்கு அது சுமார் 46 மி.மீ. இடது பக்கக் கோளாறு கட்டுக்குள் வராத நிலையில் சில்டெனஃபில் கொடுத்தால் நுரையீரலில் திடீரென்று ரத்தம் பெருகி நீர் கோக்கக்கூடும், ஆகவே முதலில் இடது பக்கத்துக்கு மருந்து தொடங்கியாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிட மூச்சை எண்ணித் தினமும் குறித்து வையுங்கள். 30-ஐத் தாண்டித் தொடர்ந்தால், மயங்கி விழுந்தால், நாக்கு நீலம் பாரித்தால் அன்றே கொண்டு போங்கள்.